சர்வர் மதர்போர்டு மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

டேட்டா சென்டர்களில் கழித்துவிட்ட சர்வர் போர்டுகள் இப்போது வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் தாராளமாக வந்து சேர்கின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் விசாரித்தால் இன்டெல் ஸியான், ஏஎம்டி எபிக் பிராசஸர்களோடும் சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ரேமோடும் சேர்த்தே கிடைக்கும். வாங்கி வந்து மாட்டினால் ஆன் ஆகாது. அங்கேதான் பலருக்கும் சிக்கல் ஆரம்பம். டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து பழகிய கை உடனே ரேமைக் கழற்றிப் போடும், பிராசஸரை எடுத்துத் துடைக்கும், பேட்டரியைப் பிடுங்கும். சர்வர் போர்டில் இது எதுவும் முதல் வேலை இல்லை.

காரணம், இந்தப் போர்டுகளில் பிரதான பிராசஸருக்கு முன்பே விழித்துக்கொள்ளும் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. பிஎம்சி (பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர்) என்பார்கள். அதற்குத் தனி சிப் (சூப்பர்மைக்ரோ கம்பெனியின் எக்ஸ்10 போர்டுகளில் ஆஸ்பீட் ஏஎஸ்டி2400, எக்ஸ்11, எச்11 போர்டுகளில் ஏஎஸ்டி2500), தனி நெட்வொர்க் முகவரி, தனி வெப் பக்கம், தனி நிகழ்வுப் பதிவு. பிளக்கைச் சொருகியதும், பவர் பட்டனை அழுத்தும் முன்பே, அது ஓடத் தொடங்கிவிடும். எந்த ஃபேன் நின்றது, எந்த ரேம் பிழை விட்டது, எந்த வோல்டேஜ் இறங்கியது என்று எழுதியும் வைக்கும். எனவே ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் அந்தப் பதிவைப் படியுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையில்தான் போகும்.

எடுத்துக்காட்டுக்குச் சூப்பர்மைக்ரோ போர்டுகளையே வைத்துக்கொள்கிறேன். வேறு கம்பெனிப் போர்டுகளில் மெனுவின் பெயரும் ஜம்பரின் (பின்களை இணைத்துவிடும் சின்னத் தொப்பி) பெயரும் மாறும், தர்க்கம் மாறாது.

பிளக்கைச் சொருகியும் உயிரே இல்லை

போர்டில் பிஎம்சி ஹார்ட்பீட் என்று ஒரு பச்சை எல்இடி இருக்கும். சரியான இடம் கையேட்டில் உள்ள படத்தில் இருக்கிறது. கையேட்டின் பிடிஎஃப்பை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் சர்வர் போர்டில் கை வைப்பது வீண். பிளக் சொருகிய ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் அந்த எல்இடி சீராக மின்ன வேண்டும்.

மின்னவே இல்லை என்றால் போர்டுக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம், அதாவது 5 வோல்ட், பெரும்பாலும் வரவில்லை என்று பொருள். பவர் சப்ளையின் பின்புற சுவிட்ச், 24 பின் கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பது, பவர் சப்ளையே செத்துவிட்டதா என்பது, இந்த வரிசையில் பாருங்கள். மாடுலர் பவர் சப்ளை என்றால் ஒரு எச்சரிக்கை: ஒரு மாடலின் கேபிளை இன்னொரு மாடலில் போடாதீர்கள், ஒரே கம்பெனியாக இருந்தாலும் சரி. போர்டு பக்கத்து முனை எல்லாவற்றுக்கும் பொது. பவர் சப்ளை பக்கத்து முனையில் பின்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கும். மாறிச் சொருகினால் போர்டு போய்விடும்.

அதுவும் சரியாக இருந்தால் போர்டை கேஸிலிருந்து வெளியே எடுத்து ஒரு அட்டைப் பெட்டி மேல் வைத்துப் பாருங்கள். இ-ஏடிஎக்ஸ், எஸ்எஸ்ஐ-இஇபி போன்ற பெரிய அளவுப் போர்டுகளின் திருகுத் துளைகள் சாதாரண ஏடிஎக்ஸ் துளைகளோடு முழுதாகப் பொருந்தாது. கேஸில் முன்பே இருந்த ஒரு பித்தளைத் தாங்கி துளையில்லாத இடத்தில் போர்டின் அடிப்பக்கத்தை முட்டிக்கொண்டு ஷார்ட் ஆக்கும். வெளியே வைத்தால் உயிர் வருகிறது, உள்ளே வைத்தால் போகிறது என்றால் அந்தத் தாங்கியைத் தேடிக் கழற்ற வேண்டியதுதான்.

எல்இடி மின்னுகிறது, ஆனால் பட்டனுக்கு அசையவில்லை என்பது வேறு கதை. முதலில், பிஎம்சி முழுதாக எழும்பும் வரை பல போர்டுகள் பவர் பட்டனை மதிக்காது. ஒரு நிமிடம் பொறுத்து அழுத்துங்கள். அப்புறம், முன்பக்கப் பட்டனின் வயர். சூப்பர்மைக்ரோவில் ஜேஎஃப்1 என்ற தொகுப்பில் 1, 2 ஆம் பின்கள் பவர் பட்டனுக்கு, 3, 4 ஆம் பின்கள் ரீசெட்டுக்கு. டெஸ்க்டாப் கேஸின் வயர்களை அதில் தனித்தனியாகச் சொருகலாம். சந்தேகம் இருந்தால் வயரை விட்டுவிட்டு பிஎம்சியின் வெப் பக்கத்திலிருந்து பவர் ஆன் கொடுங்கள். அங்கிருந்து ஆன் ஆனால் குற்றம் வயரில்தான்.

பிஎம்சிக்குள் நுழைய முடியவில்லை

இதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

ஐபி முகவரியே கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் கேபிள் வேறு போர்ட்டில் இருக்கிறது, அல்லது கேபிளைத் தாமதமாகச் சொருகியிருக்கிறீர்கள். பிஎம்சிக்கு மூன்று நிலைகள் உண்டு: தனி போர்ட் மட்டும், முதல் லேன் போர்ட்டைப் பகிர்வது, ஃபெயில்ஓவர். வழக்கமாகப் போர்டு ஃபெயில்ஓவரில்தான் வரும். பிஎம்சி எழும் நேரத்தில் தனி போர்ட்டில் கேபிள் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் முதல் லேன் போர்ட்டுக்குப் போய்விடும். ஆகவே பிளக்கை உருவி, கேபிளைத் தனி போர்ட்டில் சொருகி, அதன் பிறகு பிளக்கைக் கொடுங்கள். ரவுட்டரின் டிஎச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் முறை) பட்டியலில் புது முகவரி ஒன்று வரும். பிஎம்சியில் முன்பு யாரோ நிலையான ஐபி போட்டு வைத்திருந்தால் இதுவும் நடக்காது. மானிட்டர் வருகிற போர்டாக இருந்தால் பயாஸுக்குள் போய் ஐபிஎம்ஐ (பிஎம்சியோடு பேசும் முறை) பகுதியில் பிஎம்சி நெட்வொர்க் அமைப்பைத் திறந்து டிஎச்சிபிக்கு மாற்றலாம். அங்கே 'அப்டேட் ஐபிஎம்ஐ லேன் கான்ஃபிகரேஷன்' என்பதை முதலில் 'யெஸ்' ஆக்கினால்தான் கீழே உள்ள கட்டங்கள் திறக்கும். இது தெரியாமல் பயாஸ் பூட்டியிருக்கிறது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு.

கடவுச்சொல்தான் தடை என்றால் போர்டின் வயதைப் பாருங்கள். 2020க்கு முந்தைய சூப்பர்மைக்ரோ போர்டுகளில் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே பெரிய எழுத்தில் அட்மின். கருவிக்குக் கருவி தனிக் கடவுச்சொல் கேட்கும் கலிஃபோர்னியாவின் சட்டம் 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தபோது ஒவ்வொரு போர்டுக்கும் தனிக் கடவுச்சொல் கொடுக்கத் தொடங்கினார்கள். அது போர்டில் ஒட்டியுள்ள சின்ன ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். செகண்ட்ஹேண்ட் போர்டு வாங்கும்போது அந்த ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஹீட்சிங்க் மாட்டிய பிறகு கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய்விடும். ஸ்டிக்கரும் இல்லை, பழைய உரிமையாளர் கடவுச்சொல்லை மாற்றியும் இருக்கிறார் என்றால், போர்டில் லினக்ஸை யுஎஸ்பியிலிருந்து ஓடவிட்டு ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளை மென்பொருளை நிறுவுங்கள். உள்ளிருந்து கேட்கும்போது பிஎம்சி கடவுச்சொல் கேட்காது. பயனர் பட்டியலில் 2 ஆம் எண்தான் வழக்கமாக அட்மின், அதற்குப் புதுக் கடவுச்சொல் போட்டால் முடிந்தது. ஐபிஎம்ஐ 2.0 கடவுச்சொல்லுக்கு 20 எழுத்துதான் உச்சம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உள்ளே போனதும் வெப் பக்கம் பழைய ஜாவா கேட்டு நச்சரித்தால் பிஎம்சி ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். எக்ஸ்10 போர்டுகளின் பிந்தைய ஃபர்ம்வேர்களில் பிரவுசரிலேயே ஓடும் திரை வந்துவிட்டது. இன்னொன்று: வசதிக்காக இந்தப் பக்கத்தை ரவுட்டரில் போர்ட் திறந்து இணையத்துக்கு விடவே விடாதீர்கள். சர்வரை ஆஃப் செய்யவும், பயாஸை மாற்றவும், வேறு டிஸ்க்கிலிருந்து பூட் செய்யவும் அது ஒன்று போதும். வெளியிலிருந்து வேண்டுமானால் விபிஎன் வழியாக வாருங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், காரணங்களும் இங்கேதான் அதிகம்.

முதல் கேள்வி, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? புது ரேம் போட்ட பிறகோ பயாஸ் அழித்த பிறகோ வரும் முதல் பூட்டில் போர்டு ஒவ்வொரு ரேமையும் பழக்கப்படுத்தும். எட்டுப் பன்னிரண்டு ரேம் இருந்தால் சில நிமிடங்கள் திரையில் ஒன்றும் வராது. டிடிஆர்5 போர்டுகள் இதில் இன்னும் மோசம். இடையில் ஆஃப் செய்தால் முதலிலிருந்து தொடங்கும். டெஸ்க்டாப் பழக்கத்தில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்கிறவருக்கு அந்தப் போர்டு கடைசி வரை எழும்பாது.

இரண்டாவது, மானிட்டரை எதில் சொருகியிருக்கிறீர்கள்? போர்டிலேயே உள்ள விஜிஏதான் முதன்மைத் திரை. தனி கிராஃபிக்ஸ் கார்டில் மானிட்டரை மாட்டிவிட்டுக் காத்திருந்தால் பயாஸ் அங்கே வராது. விஜிஏயில் மாட்டுங்கள், அல்லது பிஎம்சியின் தொலைத் திரையில் பாருங்கள். போர்டில் ஜேபிஜி1 ஜம்பர் இருந்தால் 1-2 இல் விஜிஏ இயங்கும், 2-3 இல் முடங்கும். பழைய உரிமையாளர் முடக்கி வைத்திருக்கலாம்.

இரண்டும் சரியென்றால் போஸ்ட் கோடைப் பாருங்கள். பூட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் பயாஸ் ஓர் இரண்டு இலக்க எண்ணை விட்டுக்கொண்டே போகும், பிஎம்சியின் வெப் பக்கத்தில் போஸ்ட் ஸ்னூப்பிங் என்ற இடத்தில் அது தெரியும். எந்த எண்ணில் நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை. ஏஎம்ஐ பயாஸில் 50 முதல் 55 வரை எல்லாம் ரேம் குறை: 50 என்றால் ரேம் வகையோ வேகமோ ஒத்துவரவில்லை, 51 என்றால் ரேமின் விவரச் சிப்பைப் படிக்க முடியவில்லை, 53 என்றால் பயன்படுத்தத்தக்க ரேம் எதுவும் கண்ணில் படவில்லை, 55 என்றால் ரேமே இல்லை. 56, 57 பிராசஸர் பக்கம். டி4 என்றால் பிசிஐ கார்டுகளுக்கு முகவரி இடம் போதவில்லை, அதைப் பின்னால் பார்ப்போம். போர்டில் பஸர் இருந்தால் ஐந்து சிறு பீப்பும் ஒரு நீள பீப்பும் ரேம் இல்லை என்பதைத்தான் சொல்கின்றன.

ரேம் குறை என்று வந்தால், ரேம் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். டிடிஆர்4 இல் டெஸ்க்டாப் ரேமும் சர்வர் ரெஜிஸ்டர்டு ரேமும் ஒரே 288 பின், வெட்டும் ஒரே இடத்தில். இரண்டும் எந்த ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும், பூட் மட்டும் ஆகாது. எபிக், ஸியான் ஸ்கேலபிள் போர்டுகளுக்கு ரெஜிஸ்டர்டு அல்லது லோட் ரெட்யூஸ்டு ரேம் வேண்டும், இந்த இரண்டையும் கலக்கவும் கூடாது. ரேமின் மேல் உள்ள லேபிளில் வேக எண்ணை அடுத்து வரும் பகுதியில் ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு, எல் என்றால் லோட் ரெட்யூஸ்டு, இ என்றால் பஃபர் இல்லாத இசிசி (பிழை திருத்தும் ரேம்), யூ என்றால் சாதா. டிடிஆர்5 இல் இந்தக் குழப்பம் இல்லை, வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் தவறானது உட்காரவே உட்காராது.

எந்த எண்ணும் வரவில்லை, அல்லது 00 இலேயே நிற்கிறது என்றால் பிராசஸரும் அதன் மின்சாரமும்தான். 8 பின் சிபியு பவர் கனெக்டர் இரண்டு இருந்தால் இரண்டையும் சொருகுங்கள், ஒன்று போதும் என்ற டெஸ்க்டாப் கணக்கு இங்கே வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளைப் பலவந்தமாகத் திணிக்கவே கூடாது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 12 வோல்ட் வரும் பக்கமும் கிரவுண்டு வரும் பக்கமும் இரண்டிலும் நேர் எதிர்.

அடுத்து, பயாஸுக்கு அந்தப் பிராசஸர் தெரியுமா? எக்ஸ்10 போர்டில் ஸியான் இ5 வி4 போட பயாஸ் 2.0 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். எச்11 போர்டில் எபிக் 7002 வரிசை போட போர்டின் ரிவிஷன் 2 ஆக இருக்க வேண்டும். ரிவிஷன் 1 இல் 7001 வரிசை மட்டும்தான். ரிவிஷன் எண் போர்டிலேயே அச்சாகியிருக்கும், வாங்கும் முன் படம் கேட்டு வாங்குங்கள்.

எபிக் பிராசஸர் செகண்ட்ஹேண்டாக வாங்கியவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. பிராண்டட் சர்வர்கள் சிலவற்றில் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்ற வசதி இயங்கும்போது, பிராசஸருக்குள் உள்ள ஃபியூஸ் எரிக்கப்பட்டு அது அந்தக் கம்பெனியின் பயாஸோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டுவிடும். வேறு கம்பெனிப் போர்டில் அது பூட் ஆகாது. திரும்பவும் அவிழ்க்க வழியில்லை. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், லாக் ஆகாததா என்று கேட்டு, ஆகியிருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.

எட்டு ரேம் போட்டேன், ஆறுதான் காட்டுகிறது

இதில் ரேமைக் குறை சொல்வதற்கு முன் பிராசஸரைச் சந்தேகியுங்கள். ரேம் கட்டுப்பாடு பிராசஸருக்குள் இருக்கிறது, ஒவ்வொரு சேனலுக்கும் (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை) தனித்தனிப் பின்கள். எபிக்கின் எஸ்பி3 சாக்கெட்டில் 4,094 பின்கள் இருக்கின்றன. அந்த அகலமான பிராசஸரை மேலிருந்து மூன்று ஸ்க்ரூக்கள்தான் அழுத்திப் பிடிக்கின்றன. ஒரு பக்கம் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் அந்தப் பக்கத்துப் பின்கள் தொடாது, கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் ஒன்றிரண்டு சேனல் காணாமல் போயிருக்கும். சில சமயம் ஒரு பிசிஐ ஸ்லாட்டும் கூடவே போகும்.

முதலில் எந்த ஸ்லாட்டில் ரேம் காணவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ரேமை நன்றாக வேலை செய்யும் ஒரு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். குறை ரேமோடு கூடவே நகர்ந்தால் ரேம் கெட்டது. ஸ்லாட்டிலேயே நின்றால் சாக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும். சாக்கெட் மூடியில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். டார்க்ஸ் டி20 முனையால் 3, 2, 1 என்ற வரிசையில் கழற்றி, 1, 2, 3 என்ற வரிசையில் இறுக்க வேண்டும். அளவு 14 இன்ச்-பவுண்டு, அதாவது சுமார் 1.6 நியூட்டன் மீட்டர். அளவு வைத்த ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் நல்லது. வெறும் கையால் இறுக்குபவர்கள் பயத்தில் குறைவாக இறுக்குவதுதான் வழக்கம். கழற்றியபோதே டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால், பின்களின் வரிசையில் எங்காவது ஒளி மாறி அடித்தால் அங்கே ஒன்று வளைந்திருக்கிறது. பிராசஸரின் அடிப்பக்கத்துத் தங்கப் புள்ளிகளில் தெர்மல் பேஸ்ட் ஒட்டியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சாக்கெட்டுக்குள் மட்டும் எந்தத் துணியும் போகக் கூடாது, ஒரு நூல் மாட்டினால் பின் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஸியான் போர்டில் இதே குறைக்கு இன்னொரு காரணமும் சாதாரணம். ரேம் போட்ட வரிசை தப்பு. ஒரு சேனலில் இரண்டு ஸ்லாட் இருந்தால் முதலில் நிரப்ப வேண்டியது நீல நிற ஸ்லாட். இரண்டு சாக்கெட் உள்ள போர்டில் ஒரே பிராசஸர் போட்டால் இரண்டாவது சாக்கெட் பக்கத்து ரேம் ஸ்லாட்டுகள் மொத்தமும் செத்தவைதான்.

எண்ணிக்கை சரி, வேகம் குறைகிறது என்பவர்களுக்கு: 3200 என்று எழுதிய ரேமை ஸியான் இ5 வி3 இல் போட்டால் 2133 இலும் வி4 இல் 2400 இலும்தான் ஓடும். பிராசஸரின் எல்லை அது, பிழை இல்லை.

பூட் ஆகி ஓடும்போது பிஎம்சி பதிவில் 'கரெக்டபிள் இசிசி' என்று ஒரு டிம்மின் (ஒரு ரேம் பலகை) பெயரோடு வரிகள் சேர்ந்துகொண்டே போனால், பிழை திருத்தப்பட்டுவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். எப்போதாவது ஒன்று என்றால் பரவாயில்லை. ஒரே டிம்மில் தினமும் வந்தால் அதை மாற்றுங்கள்.

ஃபேன் ஊளையிடுகிறது, அடங்குகிறது, மறுபடி ஊளையிடுகிறது

சில விநாடி பேரிரைச்சல், அப்புறம் அமைதி, மறுபடி இரைச்சல். வீட்டில் வைப்பதற்காகச் சத்தம் குறைந்த ஃபேனை மாற்றிய அன்றே இது தொடங்கும். வெப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சர்வர் ஃபேன்கள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுபவை. எனவே பிஎம்சியில் ஃபேன் வேகத்துக்குக் கீழ் எல்லைகள் வைத்திருப்பார்கள். எக்ஸ்10, எக்ஸ்11 போர்டுகளில் வழக்கமாக 300, 500, 700 சுற்று. நாக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25 போன்ற ஃபேன் அமைதியாக ஓடும்போது 450 சுற்றுக்கே இறங்கிவிடும். 500க்குக் கீழே போனதும் ஃபேன் செத்துவிட்டது என்று பிஎம்சி நினைத்து எல்லா ஃபேனையும் முழு வேகத்துக்கு விரட்டும். வேகம் ஏறியதும் ஃபேன் பிழைத்துவிட்டது என்று தளர்த்தும். மறுபடி 450. இப்படியே ஓயாமல் ஓடும். முன்பக்கச் சிவப்பு விளக்கு விநாடிக்கு ஒருமுறை மின்னினால் அது ஃபேன் குறை, விடாமல் எரிந்தால்தான் வெப்பம்.

தீர்வு, அந்த எல்லைகளைக் குறைப்பது. ஐபிஎம்ஐடூலில் சென்சர் திரெஷோல்டு கட்டளைக்கு ஃபேனின் பெயரும் 'லோயர்' என்ற சொல்லும் கொடுத்து மூன்று எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாகத் தர வேண்டும்: 100, 200, 300. வரிசை மாறினால் ஏற்காது. போர்டு தனக்கு வசதியான பக்கத்து எண்ணுக்கு நகர்த்திக்கொள்ளும், பயப்பட வேண்டாம். பிஎம்சி ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகு எல்லைகள் பழையபடி வந்துவிடலாம், எனவே கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டாகச் சேமித்து வையுங்கள்.

ஃபேன் சதா இரைகிறது, ஏறி இறங்கவில்லை என்றால் வேறு. பிஎம்சியில் ஃபேன் மோடு 'ஃபுல்' இல் இருக்கலாம். 'ஆப்டிமல்' சுமார் 30 சதவீதத்திலும் 'ஸ்டாண்டர்டு' 50 சதவீதத்திலும் தொடங்கும். மூன்று பின் ஃபேன் என்றால் இந்தப் போர்டுகளில் அது முழு வேகத்தில்தான் ஓடும், நான்கு பின் வாங்குங்கள். எண் போட்ட ஃபேன் கனெக்டர்கள் பிராசஸர் வெப்பத்தைப் பார்த்தும், எழுத்து போட்டவை மற்ற பாகங்களின் வெப்பத்தைப் பார்த்தும் ஏறும். பிராசஸர் ஃபேனை ஃபேன்-ஏ வில் மாட்டியிருந்தால் பிராசஸர் கொதிக்கும்போதும் அது நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். பல சர்வர் பெட்டிகள் உள்ளே இழுக்கும் காற்று 35 டிகிரி வரை என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. மே மாதத்து மதுரையில் ஏசி இல்லாத அறையில் அந்தக் கணக்கு முதல் நாளே உடையும். அமைதியான ஃபேன் போடுவது உங்கள் விருப்பம், பிராசஸர் வெப்பத்தோடு சிப்செட், விஆர்எம் (பிராசஸருக்கு வோல்டேஜ் தரும் சுற்று) வெப்பத்தையும் கோடையில் ஒருமுறை பாருங்கள். விசிறி அடிக்காத ஹீட்சிங்க்குகள் அவை.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட்

ரேமை மாற்றுவார்கள், பவர் சப்ளையை மாற்றுவார்கள், ஓஎஸ்ஸைத் திரும்ப நிறுவுவார்கள். கடிகாரம் வைத்துப் பார்த்தால் இடைவெளி எப்போதும் ஒன்றாகவே இருக்கும். பழுது இப்படி நேரம் பார்த்து வராது. பயாஸில் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் இயங்குகிறது, ஓஎஸ்ஸில் அதற்குப் பதில் சொல்லும் மென்பொருள் இல்லை. ஐந்து நிமிடம் பதில் வராவிட்டால் சர்வர் தொங்கிவிட்டது என்று அது ரீசெட் அடிக்கும். பயாஸில் பூட் ஃபீச்சர் பகுதியில் 'வாட்ச்டாக் ஃபங்ஷன்' என்பதை முடக்குங்கள். அவ்வளவுதான்.

இடைவெளி ஒழுங்கில்லாமல், சுமை ஏறும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் பவர் சப்ளையைப் பாருங்கள். மின்வெட்டின்போது மட்டும் ஆனால் யுபிஎஸ்ஸைப் பாருங்கள். சர்வர் பவர் சப்ளைகளில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரம் இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) உண்டு, வீட்டு இன்வெர்ட்டர் தரும் சதுர அலை சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. சைன் அலை யுபிஎஸ்தான் வழி. கரண்ட் வந்த பிறகு தானாக எழவில்லை என்பது குறை இல்லை: பயாஸில் 'ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'லாஸ்ட் ஸ்டேட்' இல் வையுங்கள்.

கார்டு போட்டால் நின்றுபோகிறது, அல்லது கார்டே தெரியவில்லை

டெஸ்லா பி40 போன்ற பெரிய நினைவகம் உள்ள கார்டைப் போட்டதும் டி4 இல் நின்றால் பயாஸில் 'அபவ் 4ஜி டீகோடிங்' இயக்குங்கள். கார்டைக் கழற்றிவிட்டு இயக்கிய பிறகு திரும்ப மாட்டுவது சுலபம். அதே கார்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதன் 8 பின் கிராஃபிக்ஸ் கார்டு வகை இல்லை, சிபியு வகை. மேலே சொன்ன எதிரெதிர் பின் கதை இங்கேயும் பொருந்தும், அதற்கான அடாப்டரோடுதான் இணைக்க வேண்டும். அதில் ஃபேனும் கிடையாது, சர்வர் பெட்டியின் காற்றை நம்பியே செய்தது.

நான்கு எம்.2 எஸ்எஸ்டி ஏறும் கார்டில் ஒன்று மட்டும் தெரிந்தால், அந்த ஸ்லாட்டின் 16 லேன்களை (பிசிஐ பாதைகள், நெட்வொர்க் லேன் இல்லை) நான்கு நான்காகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். இன்டெல் போர்டுகளில் இந்த மெனு ஸ்லாட் எண்ணில் இருக்காது, சிபியு, ஐஓயு (பிராசஸரின் பிசிஐ பாதைத் தொகுப்பு) என்ற பெயரில் இருக்கும். எந்த ஸ்லாட் எந்த ஐஓயு என்பது கையேட்டின் பிளாக் டயகிராமில் உள்ளது. ஸ்லாட்டே முழுதாக செத்திருந்தால், அதே படத்தில் அது இரண்டாவது பிராசஸரோடு இணைந்ததா என்று பாருங்கள்.

டிஸ்க் தெரியவில்லை

மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சர்வருக்கான சில சாட்டா ஹார்ட் டிஸ்க்குகளில் மூன்றாவது பவர் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் ஓடாமல் நிற்கும், அது ஒரு வசதியாகச் செய்தது. பழைய பவர் சப்ளைகள் அந்தப் பின்னில் 3.3 வோல்ட் தருகின்றன. டிஸ்க் சுற்றும் அதிர்வே கையில் உணரவில்லை என்றால் இதுதான். அந்தப் பின்னை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடினால் ஓடும். அடுத்தது, எஸ்எஃப்எஃப்-8087 பிரிப்புக் கேபிள். கன்ட்ரோலரிலிருந்து நான்கு டிஸ்க்குக்குப் போவது ஒரு வகை, போர்டின் நான்கு சாட்டா போர்ட்டிலிருந்து பேக்பிளேனுக்கு (டிஸ்க்குகளைச் சொருகும் பலகை) போவது எதிர் வகை. பார்க்க ஒன்றே, மாறினால் ஒரு டிஸ்க்கும் வராது. மூன்றாவது, டிஸ்க் பயாஸில் தெரிகிறது, பூட் மட்டும் ஆகவில்லை: என்விஎம்இ என்றால் பூட் மோடு யுஇஎஃப்ஐ ஆக இருக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது

இப்போதுதான் பயாஸை அழிக்கலாம். சூப்பர்மைக்ரோவில் ஜேபிடி1 என்பது தொப்பி மாட்டும் ஜம்பர் இல்லை, இரண்டு உலோகப் புள்ளிகள். பிளக்கை உருவி, சில நிமிடம் விட்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டையும் சேர்த்துச் சில விநாடி தொடுங்கள். பட்டன் பேட்டரி சிஆர்2032 ஐயும் அப்போதே மாற்றிவிடுங்கள். தேதி பின்னால் போவது, அமைப்புகள் மறந்துபோவது எல்லாம் அதனால்தான். அதன் வோல்டேஜ் பிஎம்சியின் சென்சர் பட்டியலில் விபேட் என்ற வரியில் இருக்கும், 3 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

அழித்த பிறகு அபவ் 4ஜி, பிசிஐ லேன் பிரிப்பு, வாட்ச்டாக், பூட் மோடு, பவர் மீட்பு எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். பிஎம்சியின் ஐபியும் கடவுச்சொல்லும் போகாது, அவை அந்தச் சிப்பின் தனி நினைவகத்தில் இருக்கின்றன. முதல் பூட் வழக்கத்தைவிட நீளும். போஸ்ட் கோடு ஓடிக்கொண்டிருக்கும் வரை பவர் பட்டனில் கை வைக்காதீர்கள்.